புளி பட்ட நீலம்

“வெயில் வந்திருச்சுன்னு தண்ணிக்கு யாரும்மா சொன்னது?”

பள்ளிக்கூடம் போகத் தொடங்காத வயதில் கிறிஸ்டின் இப்படிக் கேட்டாள். ஈப்போ பக்கத்து லகாட்டில் அவர்கள் வீட்டின் பின்பக்கம் அவள் அப்பா சூசைநாதன் ஒரு மரக் கப்பிலிருந்து கண்ணாடிக் கிளாசுக்குத் தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தார். இரவெல்லாம் கப்பில் ஊறிய தண்ணீர் நிழலில் லேசான தேன் நிறத்தில் இருந்தது. கிளாசை வெயிலில் வைத்ததும் அதன் விளிம்பில் ஒரு நீலம் எழுந்தது. கேஸ் அடுப்பில் தீயைக் குறைத்து வைத்தால் அடியில் தெரியுமே, அந்த நீலம். கையால் வெயிலை மறைத்தால் போய்விட்டது. கையை எடுத்தால் திரும்ப வந்தது.

“மாதா சொல்லியிருப்பாங்க” என்றாள் அம்மா ரோசரி. அதைவிட நல்ல பதில் அவளுக்குத் தெரியவில்லை.

சூசைநாதன் ஒரு மரத் தளவாடத் தொழிற்சாலையில் கடைசல் வேலை பார்த்தவர். மழைக்காற்றில் ஈப்போவின் சாலையோரத்து அங்சானா மரம் ஏதாவது சாய்ந்தால், அதை வெட்டி அகற்றும் குத்தகையாளரிடம் சொல்லி ஒரு துண்டை வாங்கி வருவார். இந்தியாவில் இருக்கும் வேங்கைக்கு இது பங்காளி மரம் என்பார். அதைக் கடைந்து கப்பு செய்வார். இனிப்பு நீர் என்னும் சர்க்கரை நோய் உள்ளவர்கள் தேடி வந்து வாங்கிப் போனார்கள். எல்லாரிடமும் ஒரே பேச்சைத்தான் பேசுவார்.

“மாத்திரைய விட்டுறாதீங்க. இது மருந்து இல்லலா. தண்ணி குடிக்க மறக்காம இருக்க ஒரு கப்பு, அவ்வளவுதான்.”

பிறகு அவர்களை வெயிலுக்கு அழைத்துப் போய் நீலத்தைக் காட்டுவார். கடைத்தெருவில் விற்கும் மற்ற மரக் கப்புகளில் அது வராது. அந்த நீலம்தான் அவர் போடும் கையெழுத்து.

போன வருடம் தவக்காலத்தில் மாரடைப்பில் அவர் போய்விட்டார். கடைசியாகக் கடைந்த கப்புகள் ஒரு பலகையில் வரிசையாக இருந்தன. ரோசரி மெங்லம்புவில் ஒரு கடலைத் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் வேலைக்குப் போய்வந்தாள். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் கேட்பவர்களுக்கு ஒவ்வொரு கப்பாகக் கொடுப்பாள். கொடுக்கும்போது அவர் சொன்ன அதே பேச்சைச் சொல்வாள். சொல்லும் நேரம் அவர் பக்கத்தில் நிற்பதுபோல் இருக்கும். அதற்காகவே கப்புகள் சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாது என்று விரும்பினாள்.

அந்தக் கப்புகளில் ஒன்றை விமலா வாங்கினாள்.

விமலாவும் ரோசரியும் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். ஊசிமலைத் தோட்டம். ரப்பர் போய் எண்ணெய்ச் செம்பனையும், செம்பனை போய் வீடமைப்பும் வந்துவிட்டது. ரப்பர் பாலைச் சேர்த்து உறைய வைக்கும் பால் ஸ்டோர் இருந்த மேட்டில் ஒரு சமூக மண்டபம் மட்டும் நிற்கிறது. விமலா ஈப்போவில் பூசைச் சாமான் கடை வைத்திருந்தாள். தினமும் கைப்பேசியில் நேரலை போட்டுச் சாமான் விற்பாள். வாய்த்துடுக்கு, ஆனால் அப்பா பழனியப்பன் மேல் உயிர். அவருக்கு இனிப்பு நீர். அவருக்காகத்தான் கப்பு வாங்கினாள்.

இரண்டு வாரம் கழித்து அவளுடைய நேரலை எல்லார் கைப்பேசியிலும் ஓடியது. கொளுத்தும் வெயிலில் கடை வாசலில் நின்று, கப்பிலிருந்து கிளாசில் ஊற்றினாள்.

“மக்களே, நல்லா பாத்துக்குங்க. இது வேங்கையாம். நீலம் வருமாம். வெயில் எப்படி அடிக்குது பாருங்க, மண்டையே வெடிக்குது. எங்க நீலம்? பால் ஊத்தாத தே ஓ மாதிரி இருக்கு. எங்கப்பாவுக்கு வாங்குனது மக்களே. நோயாளிங்கள ஏமாத்துறாங்க. செஞ்ச ஆளு போய்ச் சேந்துட்டாரு, பேரு சொல்ல மாட்டேன், லகாட்டுல எல்லாருக்கும் தெரியும். வேற ஏதோ கட்டைக்குச் சாயம் பூசி வித்துட்டுப் போயிட்டாரு.”

மறுவாரம் கோயில் வாசலில் கப்புகள் திரும்பி வரத் தொடங்கின. சிலர் ரோசரியின் முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனார்கள். ஊற்றிப் பார்த்தீர்களா என்று யாரையும் அவள் கேட்கவில்லை. யாரும் ஊற்றிப் பார்த்திருக்கவும் மாட்டார்கள். கைப்பேசியில் பார்த்ததே போதுமாக இருந்தது.

சந்தையில் மீன் விற்கும் பத்துமலையும் ஊசிமலைக்காரன்தான். அவள் கெம்போங் மீனைப் புரட்டிப் பார்த்தபோது அவன் குரலை உயர்த்தினான்.

“வேணாங்க்கா, வச்சிருங்க. இது நெச மீனு. உங்களுக்கு ஒத்துக்காது.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ரோசரியும் சிரித்துக்கொண்டே மீனை வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அந்த மீனை வெட்டும்போது, சிரித்த தன் வாயையே அறுக்க வேண்டும்போல் இருந்தது.

அன்றிலிருந்து அவளுக்குள் ஒரு வேலை நடந்துகொண்டே இருந்தது. கடலைப் பொட்டலத்தை ஒட்டும்போதும், பேருந்துக்கு நிற்கும்போதும் விமலாவை மனதுக்குள் நிற்க வைத்துப் பார்த்தாள். ஒரு கூட்டத்தின் நடுவில், கையில் கிளாசோடு, சொல்ல வார்த்தை இல்லாமல். அடி வேண்டாம், நோய் வேண்டாம். அதே கண்கள் அதேபோல் பார்க்க வேண்டும். அதே சிரிப்பைச் சிரிக்க வேண்டும். இதைத் தவிர அவள் எதையும் கேட்கவில்லை. பூசையில் எல்லாரும் சேர்ந்து கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்லும்போது, குற்றம் செய்தவர்களைப் பொறுப்பது பற்றி வரும் இடத்தில் அவள் உதடு மூடிக்கொள்ளும். மனதில் இல்லாததைக் கடவுளிடம் சொல்வது இன்னும் பெரிய பாவம் என்று தனக்கே நியாயம் சொல்லிக்கொண்டாள்.

இதற்குள் விமலா இந்தியாவிலிருந்து வேங்கைக் கப்புகளை வரவழைத்து விற்க ஆரம்பித்திருந்தாள். நேரலையைப் பார்த்தவர்கள் ‘அப்போ நெசக் கப்பு எங்க கெடைக்கும்’ என்று கேட்டார்களாம்.

காம்பாரில் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்கும் கிறிஸ்டின் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தாள். விமலா பத்துமலையிடம் கொடுத்தனுப்பிய கப்பு, கட்டிய பிளாஸ்டிக் பையோடு அலமாரிக்கடியில் கிடந்தது. ரோசரி அதைத் தொடவே இல்லை. கிறிஸ்டின் பிரித்து முகர்ந்தாள். கப்பின் அடிப்பக்கத்துக் கோட்டிலிருந்து நகத்தால் எதையோ கிளப்பினாள்.

“ம்மா, இது என்ன? நாரு மாதிரி.”

ரோசரி வாங்கிப் பார்த்தாள். பார்த்ததும் தெரிந்துவிட்டது.

“புளி.”

“கப்புல ஏன் புளி?”

“சாமிகிட்ட வச்சு எடுத்திருப்பாலா. அப்பாவுக்குக் குடுக்கறதுக்கு முன்ன பூசையில வச்சிருப்பா. குத்துவிளக்கு, செம்பு தேய்க்கிற மாதிரி இதையும் புளி போட்டுத் தேச்சிருக்கா. வெள்ளிக்கிழமைன்னா அவங்க வீட்டுல எல்லாத்துக்கும் புளிதான். புதுக் கப்புன்னு ஊறவே வச்சிருப்பா.”

கிறிஸ்டின் எழுந்து போய் அப்பாவின் பலகையில் இருந்த ஒரு கப்பில் ரோசரி முதல் நாள் ஊற்றி வைத்திருந்த தண்ணீரைக் கிளாசில் எடுத்தாள். கறுப்புக் குடை ஒன்றை விரித்து அதன் முன்னால் வெயிலில் வைத்தாள். நீலம் வந்தது. அதில் எலுமிச்சைத் துண்டு ஒன்றைப் பிழிந்தாள். ஊதி அணைத்ததுபோல் நீலம் போனது. மிஞ்சியது வெளிறிய மஞ்சள் தண்ணீர்.

ரோசரி வாயில் கை வைத்தாள். இத்தனை வருடம் வீட்டில் இருந்த கப்பு. அதில் எலுமிச்சை பிழிய அவளுக்குத் தோன்றியதே இல்லை.

“மரத்துலருந்து ஒரு சாயம் தண்ணில எறங்குதும்மா” என்றாள் கிறிஸ்டின். “வெயில் பட்டதும் அதோட மூலக்கூறு சக்திய வாங்கிக்கும். ஆனா ரொம்ப நேரம் வச்சிருக்க முடியாது. ஒடனே திருப்பிக் குடுத்துரும். அப்படிக் குடுக்கறதுதான் அந்த நீல வெளிச்சம். புளிப்பு சேந்தா, ஆசிட்ல இருக்கிற ஹைட்ரஜன் போயி அதுல ஒட்டிக்கும். ஒட்டுனா அது வேற ஆளு மாதிரி. அப்புறம் வெயில்ல வச்சாலும் நீலமா குடுக்காது.”

“பால் ஸ்டோர்ல பீங்கான் தட்டுல ஆசிட் ஊத்துவாங்க. பால் அப்படியே உறைஞ்சிரும்” என்றாள் ரோசரி. “உறைஞ்சா உறைஞ்சதுதான். மறுபடி பாலா ஆகாது.”

“இது அப்படி இல்லம்மா. சாயம் சாகல. பாரு.” கிறிஸ்டின் சமையலறையிலிருந்து சோடா மாவு கொண்டு வந்து ஒரு சிட்டிகை போட்டாள். தண்ணீர் நுரைத்தது. இன்னொரு சிட்டிகை போட்டதும், மாவு இறங்கிய இடத்திலிருந்து நீலம் மெதுவாக மேலே ஏறியது. “சோடா அந்த ஹைட்ரஜனப் பிடுங்கிரும். பழையபடி ஆயிரும்.”

ரோசரி நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ம்மா, இத அப்படியே வீடியோ எடுத்துப் போடலாம். விமலா அத்தைகிட்டயே சொல்லலாம். அவங்க வேணும்னு செய்யல. தெரியாமப் புளி போட்டுக் கழுவியிருக்காங்க.”

“சொன்னா என்ன சொல்லுவா? ஓ அப்படியாக்கா, சாரிக்கான்னு கடைக்குள்ள போயிருவா. யாருக்குத் தெரியும்? ஒங்கப்பா ஏமாத்துக்காரருன்னு ஊரே பாத்துச்சு. இல்லேன்னு சொல்றத எவன் உக்காந்து பாப்பான்?”

“அதுக்கு?”

“ஒன்னுமில்ல. நீ போயி சாப்புடு.”

தெரியாமல் செய்தது என்று அறிந்ததும் கோபம் தணியும் என்பார்கள். ரோசரிக்கு அது தணியவில்லை. எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று அதுவரை தெரியாமல் இருந்தது. இப்போது மகள் வாயாலேயே தெரிந்துவிட்டது. அந்தச் சாயந்தரம் கேக் சாமான் விற்கும் கடையில் சிட்ரிக் ஆசிட் பொட்டலம் ஒன்று வாங்கினாள். எலுமிச்சை வாசம் அடிக்கும், வினிகர் அதைவிட மோசம். இதற்கு வாசமும் இல்லை, நிறமும் இல்லை. குடித்தாலும் யாருக்கும் கெடுதல் இல்லை, ஊறுகாயில் போடுவதுதானே என்று பொட்டலத்தைக் கைப்பையில் வைக்கும்போது சொல்லிக்கொண்டாள். இதைச் செய்கிறவள் இவ்வளவு கவனமாக இருந்தாள் என்பதைத்தான் நினைக்க வருத்தமாக இருக்கிறது.

ஊசிமலைக்காரர்களின் ஒன்றுகூடல் ஆண்டுதோறும் அந்தச் சமூக மண்டபத்தில் நடக்கும். இந்துக்கள், கிறிஸ்தவர்கள் எல்லாரும் வருவார்கள். அதை எடுத்து நடத்துபவர் இராமசாமி. முன்பு தோட்டத்தில் ரப்பர் பாலை எடைபோட்டவர். மண்டபத்தை முதல் நாள் ஒழுங்கு செய்வது எப்போதும் ரோசரியின் வேலை. இந்த வருடம் தன்னைக் கூப்பிட மாட்டார்கள் என்று நினைத்திருந்தாள். இராமசாமி வீடு தேடி வந்து சாவியைக் கொடுத்தார். மேசைத் துணிகளும் அவர் காரிலேயே இருந்தன.

“யார் யாரோ என்னென்னமோ சொல்றாங்க, அண்ணே” என்றாள் அவள்.

“சொல்லட்டும்லா. துணி விரிக்க ஒன்னவிட்டா யாரு இருக்கா? போன தடவ நீ வராதப்ப என் மருமக விரிச்சா, ஒரு பக்கம் தரையில, ஒரு பக்கம் வானத்துல.” சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “விமலாவும் நாளைக்குக் கப்பு வச்சுக் காட்டுறாளாம். கமிட்டி சரின்னுட்டாங்க. மனசுல வச்சுக்காத.”

“நான் ஏண்ணே வச்சுக்கப் போறேன்” என்றாள் ரோசரி.

அன்று சாயந்தரம் விமலா தன் கப்புகளை மண்டபத்து மேசையில் அடுக்கி, தண்ணீர் ஊற்றி, வெள்ளைத் துணியால் மூடி வைத்துவிட்டுப் போயிருந்தாள். காலைக்குள் ஊற வேண்டும். அவள் கார் போன பிறகு ரோசரி கதவைச் சாத்தினாள். துணியை விலக்கினாள். ஒவ்வொரு கப்பிலும் வெள்ளைத் தூளைப் போட்டு ஐஸ்கிரீம் குச்சியால் கலக்கினாள். கலக்கி முடித்ததும் துணியை முன்பு இருந்த மடிப்பிலேயே மூடினாள். பிறகு இராமசாமி கேட்டபடி மற்ற மேசைகளுக்குத் துணி விரித்தாள், எல்லாப் பக்கமும் சமமாக.

ஒன்றுகூடலன்று வெயில் நன்றாக அடித்தது. மண்டபத்துக்கு முன்னால் இருந்த பூப்பந்துத் திடலில் விமலா மேசையைப் போட்டு, பின்னால் கறுப்புத் துணி கட்டியிருந்தாள். முன்னால் கண்ணாடிக் கிளாசுகள். பழனியப்பன் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கைப்பேசியைத் தாங்கியில் நிறுத்தி நேரலையைத் தொடங்கிவிட்டு விமலா பேச ஆரம்பித்தாள். கூட்டம் கூடியது. ரோசரி மண்டபத்துப் படியில், எல்லார் தலைக்கும் மேலாகத் தெரியும் இடத்தில் நின்றாள்.

“போலி என்ன, நெசம் என்னன்னு இப்ப நீங்களே பாக்கப் போறீங்க!”

முதல் கப்பிலிருந்து ஊற்றினாள். வெளிறிய மஞ்சள்.

“மேகம் மறைக்குதுலா” என்றது ஒரு குரல்.

மறைத்திருந்த சின்ன மேகம் விலகியது. தண்ணீர் அப்படியே இருந்தது. விமலா கிளாசை உயர்த்தி, சாய்த்து, கறுப்புத் துணிக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனாள். அடுத்த கப்பிலிருந்து ஊற்றினாள். அதற்கடுத்தது. அவள் பேச்சின் வேகம் குறைந்துகொண்டே வந்தது. கடைசிக் கப்பையும் ஊற்றிப் பார்த்தாள்.

“என்னா விமலா,” என்றான் பத்துமலை, “இந்தியாக்காரன் ஒனக்கு தே ஓ அனுப்பிட்டான் போல. சீனி போட்டானான்னு பாரு!”

கூட்டம் வெடித்துச் சிரித்தது. அதே சிரிப்பு. ரோசரி படியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வயிற்றிலிருந்து ஒரு சூடு நெஞ்சு வரை வந்தது. அது இனிப்பாக இருந்தது, பொய் சொல்வானேன். பழிக்கு ருசி இல்லை என்று சொல்பவர்கள் அதை வாங்கிப் பார்க்காதவர்கள். பாரு, நல்லாப் பாரு, எப்படி இருக்குன்னு பாரு என்று உள்ளுக்குள் சொன்னாள். அவருடைய பெயரைக் கூட்டத்தின் நடுவில் போட்டு மிதித்தாயே, இப்போது நீ நில்லு.

“கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்னு சொல்லுலா” என்று யாரோ விமலாவுக்கு வழி சொன்னார்கள். “ஒன் மேல என்ன தப்பு?”

“லைவ்வ ஆஃப் பண்ணு மொதல்ல” என்றான் பத்துமலை. சிரித்தவன்தான், ஆனால் அவனுக்கும் பாவமாகிவிட்டது. “மானம் போவுது.”

விமலா கைப்பேசியைப் பார்த்தாள். கை அதை நோக்கிப் போனது, பாதியில் நின்றது.

“வேணாண்ணே. ஓடட்டும். அன்னிக்கும் லைவ்லதான் சொன்னேன்.”

கூட்டத்துக்கு எது என்று புரியவில்லை. ரோசரிக்குப் புரிந்தது.

“இந்தக் கப்பு நெசம்” என்றாள் விமலா. அது எல்லாருக்கும் கேட்டது. “முந்தாநேத்து எங்கப்பாவோட உக்காந்து ஊத்திப் பாத்தேன். நீலமா வந்துச்சு. அப்பா, சொல்லுங்க.”

பழனியப்பன் தலையை ஆட்டினார்.

“இன்னிக்கு வரல. ஏன்னு சத்தியமா எனக்குத் தெரியல. கம்பெனிக்காரன் மேல போட்டுட்டுப் போயிரலாம். ஆனா நெசக் கப்பே ஒரு நாளு வராமப் போகும்னா, அப்போ சூசை அண்ணே கப்பும் நெசமாத்தானே இருந்திருக்கணும்? நான் ஒரு தடவ ஊத்திப் பாத்துட்டு, செத்துப்போன மனுசன ஏமாத்துக்காரருன்னு சொல்லிட்டேன். அவருகிட்ட ஒரு வார்த்த கேக்க முடியாதுன்னு தெரிஞ்சும் சொன்னேன். அது பொய். இத பாக்கறவங்க எல்லாருக்கும் சொல்றேன், அது பொய்.” கண்ணால் கூட்டத்தைத் தேடினாள். படியில் நின்றவளைக் கண்டுபிடித்தாள். “ரோசரிக்கா. என்ன மன்னிச்சிருங்க.”

எல்லாத் தலைகளும் திரும்பின.

இந்த நொடியை ரோசரி எத்தனையோ முறை நடத்திப் பார்த்திருக்கிறாள். அதில் விமலா அழுவாள், ஓடுவாள், யாரையாவது திட்டுவாள். இந்தப் பேச்சை மட்டும் அவளுக்குக் கொடுத்ததில்லை. நெஞ்சு வரை வந்திருந்த சூடு அங்கேயே நின்று கனத்தது. தலையை மட்டும் ஒரு முறை அசைத்தாள்.

அதுவே போதுமென்று கூட்டம் அவளிடம் வந்துவிட்டது. பெண்கள் கையைப் பிடித்தார்கள். கப்பைத் திருப்பிக் கொடுத்த ஒருத்தி அதே கப்பு இன்னும் இருக்கிறதா என்று காதோடு கேட்டாள்.

“சூசை தங்கமான மனுசன்லா” என்றான் பத்துமலை. “நான் அப்பவே சொன்னேன்.”

“நீ சொன்ன! மீன வச்சுச் சொன்ன!” என்றார் இராமசாமி.

சுற்றிலும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ரோசரியின் பக்கம் இருந்தது. தலைகளுக்கு இடையில் திடலைப் பார்த்தாள். விமலா தனியாக நின்றாள். நேரலையை நிறுத்திவிட்டாள். கிளாசுகளை ஒன்றும் செய்யத் தோன்றாமல் அப்பாவின் தோளில் கை வைத்திருந்தாள். அவளிடம் யாரும் போகவில்லை. திடல் ஓரத்தில் இரண்டு பேர் கைப்பேசியில் எதையோ காட்டிச் சிரித்தார்கள்.

கணவரின் பெயர் திரும்பிவிட்டது. ரோசரி தானே எத்தனை வீடியோ போட்டிருந்தாலும் இப்படித் திரும்பியிருக்காது. அதைத் திருப்பித் தந்தவள் தன்னிடம் மிச்சம் இருந்த மானத்தை எடுத்துத்தான் தந்தாள். அந்த மிச்சத்தையும் குறைத்து வைத்தது யார் என்று விமலாவுக்குத் தெரியாது.

சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். கூடாரம் மண்டபத்துக்குப் பின்னால். இலை போட்டு, சோறு வந்ததும் திடல் காலியானது. விமலா அப்பாவைக் கைபிடித்து மெதுவாக நடத்திப் போனாள். சாப்பிட்டு முடிந்ததும் பரிசுக் குலுக்கலுக்கு எல்லாரும் திரும்பத் திடலுக்குத்தான் வருவார்கள்.

ரோசரி கூட்டத்தோடு போகவில்லை. விமலாவிடம் போய்ச் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். சொல்லத்தான் வேண்டும், அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும், அந்த நாளில் விமலா என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளவும் வேண்டும். ஆனால் முதலில், எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும்.

மண்டபத்துச் சமையலறையில் சுண்டலுக்குக் கடலை ஊறவைத்தவர்கள் விட்டுப்போன சோடா மாவு டின் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு திடலுக்கு வந்தாள். முதலில் கப்புகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் மிச்சமிருந்த புளித்த தண்ணீரைக் காலியாக இருந்த ஒரு ஜாடியில் ஊற்றினாள். சோடா கரைத்த நீரால் உள்ளே துடைத்து, நல்ல தண்ணீரில் அலசிக் கவிழ்த்தாள். மரம் வாங்கி வைத்திருக்கும் புளிப்பு ஒரே கழுவலில் போகாது என்று பயந்து மறுபடியும் அதையே செய்தாள். தன் சேலையின் நுனியால் அடிப்பக்கத்துக் கோடுகளையும் துடைத்தாள்.

பிறகு கிளாசுகள். முதல் கிளாசில் ஒரு சிட்டிகை. நுரை பொங்கி விளிம்பு வரை வந்து அடங்கியது. ஒன்றும் மாறவில்லை. கூடாரத்திலிருந்து ரசம் கேட்கும் குரல்கள் வந்தன. இன்னொரு சிட்டிகை போட்டாள். மாவு தூசிபோல் இறங்கியது. அது போய்ப் படிந்த இடத்தில், அடியில், மெல்லிய நீலம் தோன்றியது. விரலால் கலக்கினாள். நீலம் கிளாஸ் முழுவதும் பரவி விளிம்பில் வந்து நின்றது.

அடுத்ததற்கு நகர்ந்தாள். ஒவ்வொன்றாகச் செய்தாள், அவசரப்படாமல். ஒன்றில் மாவு அதிகமாகித் தண்ணீர் கலங்கியது. அதை இறுத்து, மேலே தெளிந்ததை மட்டும் விட்டு வைத்தாள். வெயில் பிடரியைச் சுட்டது. கறுப்புத் துணிக்கு முன்னால் வரிசை முழுவதும் நீலமானது. யாரும் பார்க்கவில்லை. தன்னையும் யாரும் பார்க்க வேண்டாம் என்று அவள் நினைத்தாள்.

புளித்த தண்ணீர் ஜாடியைக் கால்வாயில் கொட்டினாள். மேசையில் சிந்தியிருந்த வெள்ளை மாவைக் கையாலேயே வழித்தெடுத்தாள். கூடாரத்தில் கை கழுவும் குழாய்ச் சத்தம் தொடங்கியிருந்தது. காற்று கறுப்புத் துணியின் ஒரு முனையைத் தூக்கிக் கிளாசுகள் பக்கம் அடித்தது. திடல் ஓரத்தில் கிடந்த ஒரு கல்லை எடுத்து அந்த முனையின் மேல் வைத்தாள். துணி நின்றது. சோடா டின்னை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, சமையலறையின் பின்கதவு வழியாக உள்ளே போனாள்.